லோரல் பெண்ட் தோட்டத்துச் சுளகு

அஜின்கோர்ட், ஸ்காபரோ, கனடா
15 ஏப்பிரல் 1996

இயேசு மரி சூசை

என்ர தங்கச்சி பேர்ணடெற்றுக்கு,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்து மட்டை ஒரு கிழமை பிந்தி வந்தாலும் உன்ர கையெழுத்தைக் கண்டதிலை மனம் ஆறிச்சுது. இஞ்சை அத்தானுக்கு முழங்கால் உளைவு. மற்றும்படி கர்த்தர் ஒரு குறையும் வைக்கேல்லை.

மட்டைக்குள்ளை ஒரு போட்டோ வைச்சிருந்தாய். எட்டுத் தூண் போட்ட வெள்ளை மாளிகை. முன்னுக்கு நீ, நீலச் சட்டையோடை, ராசாத்தி மாதிரி. பின்பக்கத்திலை “புதிய விலாசம்: லோரல் பெண்ட் தோட்டம், தென் கரோலினா” எண்டு மட்டும் எழுதியிருந்தாய். வேற ஒரு வரி இல்லை.

பேர்ணி, நான் மறைச்சுக் கதைக்கிற ஆள் இல்லை. அந்தப் போட்டோவைப் பார்க்க எனக்கு வயிறு எரிஞ்சது. ஏன் எரியாது? நான் வந்து பதின்மூண்டு வருசம். சென் ஜேம்ஸ் ரவுணிலை ஒரு அறைக்குள்ளை ஆறு பேரோடை கிடந்து, ஒஃபிஸ் கூட்டி, கக்கூஸ் கழுவி எழும்பினனான். கல்யாணச் சேலையை வாடகைக்குக் குடுக்கலாம் எண்டு இந்த ஊரிலை முதல் யோசிச்சது நான். இப்ப கடை இருக்கு, சாமான் ஏத்த வான் இருக்கு, மேடைச் சோடினை, கதிரை உறை எல்லாம் இருக்கு. இருக்கிற வீடு மட்டும் மூண்டு அறை ரவுண்ஹவுஸ். பக்கத்து வீட்டுக்காரன் தும்மினால் எங்கட சுவர் “சுகமா” எண்டு கேக்கும். நீ படிச்சாய், அன்புராசாவைக் கட்டினாய், அமெரிக்கா போனாய். எட்டுத் தூண்.

பூசை முடிய எல்லாருக்கும் போட்டோவைக் காட்டினன். காட்டாமல் இருந்திருக்கலாம், ஏலாமல் போச்சு. மிசிசாகாவிலை எனக்குப் போட்டியாய் சேலைக்கடை போட்டிருக்கிற அருள்நாயகத்தின்ர மனுசி கண்ணாடியை மாட்டிப் பார்த்திட்டு, “உங்கட தங்கச்சி நல்லா வந்திட்டா, என்ன?” எண்டாள். நான் ஏதோ நாசமாய்ப் போன மாதிரி.

உன்ர மருமகள் கரோலினுக்குக் கலியாணம் சரிவந்திட்டுது. பெடியன் றொய்சன், நல்ல பிள்ளை. வாற வருசம் மே மாதம்.

நீ தந்த நம்பருக்கு எடுத்தால் ஒரு வெள்ளைக்காரி “குட் மோர்னிங் லோரல் பெண்ட்” எண்டு பாடுறாள். பயத்திலை வைச்சிட்டன். அதாலைதான் கடிதம். எத்தினை அறை? ஆர் கூட்டுறது? அன்புராசா என்ன வேலை பார்க்கிறார்? எல்லாம் எழுது.

வயிறு எரிஞ்சாலும் உன்னை நினைக்கிற,
அக்கா வேரோனிக்கா


லோரல் பெண்ட், தென் கரோலினா
9 மே 1996

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பயமும் வந்தது. அத்தானின் முழங்காலுக்காக இங்குள்ள சின்னக் கோயிலில் ஒரு மெழுகுதிரி கொளுத்தினன். கரோலினுக்கு என் முத்தங்கள். தூக்கி வைத்திருந்த பிள்ளைக்குக் கலியாணமா?

வீட்டில் பதினாறு அறை. கட்டி இருநூறு வருசம். இப்போது ஒரு சங்கத்துக்குச் சொந்தம். அவர்கள்தான் பராமரித்து, காசு கொடுத்துப் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுகிறார்கள். நான் வேலைக்கு இருக்கிறன். குடியிருப்பதும் தோட்டத்துக்குள்ளேதான்.

இது நெல்லுத் தோட்டம், அக்கா. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தன். ஆற்றை மறித்து வயல் வெட்டினது, விதைத்தது, குத்தினது எல்லாம் அடிமைகளாகக் கொண்டுவந்த ஆபிரிக்கச் சனம். நெல்லு தெரிந்த கரைகளிலிருந்தே தேடிப்பிடித்து வாங்கியிருக்கிறார்கள். இந்தத் தூண்களுக்குக் கீழே இருப்பது அவர்கள் குத்தின அரிசி.

நான் இங்கே முதலில் வெள்ளிச் சாமான் துடைக்கத்தான் சேர்ந்தன். சாப்பாட்டறைச் சுவரில் ஒரு வட்டப் பெட்டி, “பழத்தட்டு” என்று எழுதி மாட்டியிருந்தது. “இது பழத்தட்டு இல்லை, சுளகு” என்றன். எங்களுடையது ஓலை, இது புல்லில் வைத்துத் தைத்தது, வேலை ஒன்றுதான் என்று எடுத்துப் புடைத்துக் காட்டினன். அன்றைக்கு அங்கே நின்றவர்களில் ஒருவர் பேப்பரில் எழுதினார். பிறகு எனக்கு ஒரு மேசை தந்தார்கள். இப்போது சனிக்கிழமைகளில் வருகிறவர்களுக்கு நெல்லுப் புடைத்துக் காட்டுகிறன்.

மாளிகைக்குப் பின்னால் அந்தச் சனம் இருந்த வீடுகள் வரிசையாக இருபது இருந்ததாம். நாலு மிஞ்சியிருக்கிறது. கடைசி வீட்டில் பிறந்தவ மிஸ் லூயெல்லா. வயது எண்பத்தொன்று. பக்கத்து ஊரிலிருந்து சனிக்கிழமை தவறாமல் வந்து, நான் புடைப்பதைப் பார்த்துத் தலையை ஆட்டுவா. மாளிகைக்கு மூன்று வருசத்துக்கு ஒருக்கால் பெயின்ற் அடிக்கிறார்கள். இந்த நாலு கூரைக்கும் ஓடு போடச் சொல்லி நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கோ. கதிரை உறைகளை நீங்களே தூக்க வேண்டாம்.

உங்கள் பேர்ணி


அஜின்கோர்ட்
20 யூன் 1996

தங்கச்சி பேர்ணிக்கு,

இஞ்சை வெய்யில் தொடங்கியிட்டுது, கலியாணமும் தொடங்கியிட்டுது. நிக்க நேரமில்லை, அதுவே சுகம் எண்டு எடுத்துக்கொள்.

உன்ர கடிதத்தை வாசிச்சு வந்து, சுளகிலை நிண்டிட்டன். சுளகு? நீ? பேர்ணி, உனக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்ச கதையை நான் இப்ப சொல்லத்தான் வேணும். ஊர்காவற்றுறை வீட்டிலை நீ ஒரு நாள் சுளகு பிடிச்சாய். அரிசி கிணத்தடி மட்டும் பறந்தது. அம்மா உன்னட்டை இருந்து பறிச்சு என்ர கையிலை தந்தவ. “மூத்தவளுக்குக் கை இருக்கு, இளையவளுக்குத் தலை இருக்கு” எண்டவ. அண்டைக்கு நீ புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனாய், நான் புடைச்சுக்கொண்டு இருந்தன். அதுக்குப் பிறகு பத்து வருசம் புடைச்சனான்.

இப்ப உனக்குத் தலையுமாம், கையுமாம்.

அந்த இங்கிலீசுப் பேப்பர் துண்டு எப்பிடியோ எங்கட சுவாமியின்ர கைக்கு வந்திருக்கு. பிரசங்கத்திலை வாசிச்சார். “எங்கள் பங்கைச் சேர்ந்த வேரோனிக்காவின் சகோதரி” எண்டு சொல்ல எல்லாத் தலையும் திரும்பிச்சுது. நான் பல்லைக் காட்டினன். உள்ளுக்குள்ளை நெருப்பு.

சரி, விசயத்துக்கு வாறன். அருள்நாயகம் தன்ர மகளின்ர கலியாணத்தை மிசிசாகா மண்டபத்திலை குதிரை வண்டியிலை கொண்டுவந்து இறக்கினவன். நூறு டொலர் சேலையை எண்ணூறுக்கு விக்கிறவன், குதிரை கேக்குது. என்ர ஒரே பிள்ளையின்ர கலியாண விருந்தை நான் அந்த எட்டுத் தூணுக்கு முன்னாலை வைக்கப்போறன். புல்லிலை வெள்ளைக் கூடாரம். இப்பிடி ஒண்டை ரொறன்ரோவிலை ஆரும் கண்டிருக்க மாட்டினம். கரோலினுக்கு இப்ப சொல்லாதை, கடைசியிலை சொல்லி அசத்துவம். நீ உங்கை கேட்டு நாளைப் பிடி.

அன்புராசாவைப் பற்றி ஒரு சொல்லும் எழுதேல்லை. சுகம் கேட்டதாய்ச் சொல்லு.

அக்கா


லோரல் பெண்ட்
11 ஓகஸ்ற் 1996

அன்புள்ள அக்கா,

பிந்திப் பதில் எழுதுவதை மன்னியுங்கோ. வெக்கையில் தலை சுற்றுகிறது, வேறு வருத்தம் இல்லை.

நீங்கள் சொன்ன ஊர்காவற்றுறைக் கதை உண்மை. அரிசி கிணத்தடி மட்டும் பறந்ததும் உண்மை.

விருந்து இங்கே வேண்டாம், அக்கா. மே மாதம் நுளம்புக் கடி தாங்கேலாது. பதினாறு மணித்தியால ஓட்டம், வயசானவர்கள் எப்படி வருவது? இதுவரைக்கும் இங்கே ஒருவரும் கலியாணம் வைத்ததில்லை. சங்கத்தில் சிலருக்கு அந்த எண்ணம் இருக்கிறது, நான் அதற்கு வாய் திறக்கவில்லை. இந்த மண்ணில் நடந்ததை நான் சனிக்கிழமை தோறும் சொல்லுகிறன். அதே மண்ணில் நின்று கேக் வெட்ட எனக்கு மனம் வராது.

மிஸ் லூயெல்லாவும் நானும் பேர்களை எழுதிக்கொண்டிருக்கிறம். அந்த வரிசையில் எந்த வீட்டில் ஆர் இருந்தது என்று. அறுபத்து மூன்று பேர் வந்துவிட்டது. செப்ரெம்பர் கூட்டத்தில் கூரைக்கு ஒத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறன்.

கரோலினுக்கு ஸ்காபரோவிலேயே நல்ல மண்டபம் பாருங்கோ. நான் கட்டாயம் வருவன்.

பேர்ணி


அஜின்கோர்ட்
26 ஓகஸ்ற் 1996

பேர்ணடெற்,

சுகம். நீயும் சுகமாய்த்தான் இருப்பாய், பதினாறு அறையிலை ஆருக்கு என்ன குறை.

நுளம்பாம். ஊர்காவற்றுறையிலை பிறந்தவள் எனக்கு நுளம்பு காட்டுறாள். நேரை சொல்லன், அக்காவும் அவளின்ர சேலைக்கடைச் சனமும் வந்தால் உன்ர வெள்ளைக்காரருக்கு முன்னாலை உனக்கு வெக்கம் எண்டு. மனம் வராதாம். எந்தப் பெரிய வீட்டுக்குக் கீழையடி ஆரோ ஒருத்தன்ர முதுகு முறியேல்லை? நான் கூட்டின ஒஃபிஸ்களிலை கலியாணம் வைக்கக்கூடாதெண்டு நான் சொன்னனானே?

நீ கேக்காட்டி எனக்குக் கேக்கத் தெரியும். கடையிலை நிக்கிற நிரூபாவைக் கொண்டு இங்கிலீசிலை எழுதுவிச்சு உன்ர சங்கத்து டிரெக்டருக்கு ஃபக்ஸ் அடிச்சனான். பேர்ணடெற்றின்ர சொந்த அக்கா எண்டுதான் தொடங்கினனான். இருநூற்று அறுபது பேர், நாலு பெரிய பஸ், சமைக்க ஒரு கூடாரம், பஸ் நிக்க மாளிகைக்குக் கிட்ட இடம். இது நல்லாய் நடந்தால் வருசம் ஆறு கலியாணம் கொண்டுவந்து தாறன் எண்டும் போட்டன். வியாபாரம் எண்டால் அப்பிடித்தான் கேக்க வேணும். மூண்டாம் நாள் மறுமொழி வந்திட்டுது. மனுசன் துள்ளிக் குதிக்கிறான். மே பத்தாம் திகதி எங்களுக்கு.

பார்த்தியே, உனக்கு ஏலாதெண்டது எனக்கு மூண்டு நாள்.

வேரோனிக்கா


அஜின்கோர்ட்
30 நவம்பர் 1996

அன்பின் தங்கச்சிக்கு,

மூண்டு மாதமாய் உன்னட்டை இருந்து ஒரு எழுத்து இல்லை. ஒக்ரோபரிலை பிறந்தநாள் மட்டையும் வரேல்லை. உனக்கு உடம்புக்கு ஏதுமோ எண்டு அத்தான் கேக்கிறார். கோவமெண்டால் கோவமெண்டு எழுது, சுகம் எண்ட ஒரு சொல்லாவது எழுது.

உனக்கு ஒரு பச்சைக் காஞ்சிபுரம் எடுத்து வைச்சிருக்கிறன். வாடகைச் சேலை இல்லை, புதிசு.

உன்ர டிரெக்டர் நல்ல மனுசன், போன கிழமையும் கடிதம் போட்டார். எங்கட பஸ் நிப்பாட்ட இடம் எடுக்கினமாம். பின்னுக்கு நிக்கிற பழைய கொட்டில் நாலையும் தள்ளிப்போட்டு சல்லி பரப்பப் போயினமாம். நான் கேக்காமலே செய்யினம். உனக்கும் கண்ணுக்கு வடிவாய் இருக்கும்தானே.

எழுதடி.

அக்கா


லோரல் பெண்ட்
14 டிசெம்பர் 1996

அக்கா,

அத்தானுக்குச் சொல்லுங்கோ, உடம்புக்கு ஒன்றும் இல்லை.

மூன்று மாதத்தில் நாலு கடிதம் எழுதிக் கிழித்தன். இதைக் கிழிக்க மாட்டன்.

அந்தக் கொட்டில் நாலில் முதலாவது நான் இருக்கிற வீடு. ஒரு அறை, ஒரு அடுப்பு, கரண்ட் இழுத்திருக்கிறார்கள். காவலுக்கு ஒரு ஆள் வேண்டுமென்று வாடகை இல்லாமல் தந்தார்கள். அன்புராசா ஹூஸ்ரனுக்குப் போய் மூன்று வருசம். அங்கே அவருக்கு வேறு குடும்பம் இருக்கிறது. நீங்கள் இரண்டு கடிதத்தில் அவரைக் கேட்டீர்கள், நான் இரண்டு தரமும் அந்த வரியைத் தாண்டிப் போனன். மாளிகை முன்னால் அந்தப் போட்டோவை எடுத்தது பார்க்க வந்த ஒரு மனுசி. அதை உங்களுக்கு அனுப்பினதுதான் என் பிழை. என் வீடு என்று நான் எழுதவில்லை. நீங்கள் அப்படி நினைப்பீர்கள் என்று தெரிந்துதான் ஒன்றும் எழுதாமல் விட்டன். ஒரு தரமாவது நீங்கள் என்னைப் பார்த்துப் பொறாமைப்படட்டும் என்று இருந்தது. உங்களுக்கு அத்தான் இருக்கிறார், கரோலின் இருக்கிறாள், உங்கள் பேரில் கடை இருக்கிறது. எனக்குப் போட்டோ இருந்தது.

செப்ரெம்பர் கூட்டத்தில் கூரைக்கு ஒத்துக்கொள்ளுகிற நேரம் டிரெக்டர் உங்கள் ஃபக்ஸை எடுத்து உரத்து வாசித்தார். “எங்கள் பேர்ணடெற்றின் சொந்த அக்காவே கேட்கிறா” என்றார். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. கூரை போய்விட்டது, கார் பார்க் யோசனை வந்துவிட்டது. முழு வரிசைக்கும் ஜனவரி பதினெட்டாம் திகதி வாக்கெடுப்பு. ஆனால் கடைசி வீட்டின் புகைக்கூடு சரிந்து ஆபத்தாம் என்று போன செவ்வாய்க்கிழமையே அதை இடித்துவிட்டார்கள். மிஸ் லூயெல்லா பிறந்த வீடு. அவ கோயிலுக்குப் போகிற கோட்டையும் தொப்பியையும் போட்டுக்கொண்டு வந்து, இடித்து முடியும் மட்டும் நின்றா. நான் பக்கத்தில் நின்றன். இது என் அக்காவின் கலியாண வீட்டுக்காக என்று அவவுக்குத் தெரியும்.

எங்கள் வீட்டை நேவிக்காரர் தரைமட்டம் ஆக்கினதை சின்னம்மா எழுதினபோது நீங்கள் போனில் எவ்வளவு அழுதீர்கள் என்று எனக்கு நினைவிருக்கிறது. அதனால்தான் நீங்கள் “கொட்டில்” என்று எழுதினதை வாசிக்க முடியவில்லை.

இன்னொன்று. எனக்கு இன்றைக்கும் புடைக்கத் தெரியாது. பாதி நெல்லு நிலத்தில். சனிக்கிழமைகளில் கண்ணை மூடி, முற்றத்தில் நீங்கள் இருந்த இருப்பையும் உங்கள் மணிக்கட்டையும் நினைத்துத்தான் செய்கிறன். வருகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. மிஸ் லூயெல்லாவுக்குத் தெரியும். அதற்குத்தான் தலையை ஆட்டுகிறவ.

நத்தார் வாழ்த்துகள் எல்லாருக்கும்.

பேர்ணடெற்


அஜின்கோர்ட்
23 டிசெம்பர் 1996

பேர்ணி,

மூண்டு தரம் வாசிச்சன். மூண்டாம் தரம் அத்தானை வாசிக்கச் சொல்லிக் கேட்டன். அவர் அரைவாசியிலை நிப்பாட்டி வெளியிலை போய் வானைக் கழுவினார். மைனஸ் பத்திலை.

கரோலினிட்டை இப்பதான் முழுக்கச் சொன்னன். “மம்மி, ஆர் யூ சீரியஸ்? தட்ஸ் எ ஸ்லேவ் பிளான்டேஷன்!” எண்டு கத்தினாள். பிறகு சித்தி தனிய இருக்கிறா எண்ட இடத்திலை இருந்து அழத் தொடங்கினாள். எனக்கு அழ நேரமில்லை.

அன்புராசாவைப் பற்றி நேரிலை கதைப்பம். எழுதினால் கெட்ட சொல் வரும், நத்தார் காலம்.

நான் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவள். பிழையான சாமானை வித்தால் திருப்பி எடுக்கத் தெரியும். எடுக்கிறன். இடிச்ச வீட்டை எடுக்கேலாது எண்டு தெரியும்.

இப்ப நான் கேக்கிறதுக்கு மறுமொழி எழுது. கூட்டத்திலை எத்தினை பேர்? அதிலை உன்ர பக்கம் எத்தினை? டிரெக்டருக்கு வேண்டியது கலியாணமோ, சனம் வாறதோ? கூட்டத்திலை வெளியாள் வாய் திறக்கலாமோ?

பதினாறாம் திகதி வெளிக்கிடுறம். கடை வானிலை நானும் அத்தானும் கரோலினும். எனக்கு உமியோடை குத்தின நெல்லு ஒரு சாக்கு வேணும், நல்லாய்க் காய்ஞ்சது. அந்தச் சுளகைச் சுவரிலை இருந்து இறக்கி வை.

உன்ர வீட்டிலைதான் படுப்பம். நிலத்திலை விரிச்சாலும் சரி.

அக்கா


லோரல் பெண்ட்
2 பெப்ரவரி 1997

அன்புள்ள அக்கா,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது அறிந்து நிம்மதி. அத்தானின் முழங்கால் இவ்வளவு ஓட்டத்துக்கு என்ன சொல்லுகிறது? நீங்கள் மூவரும் போன பிறகு என் அறை பெரிதாகத் தெரிகிறது. அது வேண்டாம்.

முதலில் முடிவு. கூட்டத்துக்குப் பிறகு ஒவ்வொருவரிடமும் எழுத்தில் வாக்கு வாங்கி, நேற்றுத்தான் எண்ணித் தந்தார்கள். ஒன்பது பேரில் ஐந்து பேர் எங்கள் பக்கம். மூன்று வீடும் நிற்கும், கூரையும் போடுவார்கள். வாகனம் றோட்டோரம் நிற்கும்.

கூட்டத்தன்றைக்கு நீங்கள் முன்னுக்கு நின்றீர்கள், நான் பின்னுக்கு நின்றன். நான் கண்டதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் எழும்பி உங்கள் இங்கிலீசில், “நான் கலியாண வியாபாரி. என் கலியாணத்தை நான் திருப்பி எடுக்கிறன். தூணும் புல்லும் மண்டபமும் ரொறன்ரோவில் நாற்பது இடத்தில் இருக்கு. இதுக்காக ஒருத்தரும் பதினாறு மணித்தியாலம் ஓட மாட்டினம். உங்களிட்டை மட்டும் இருக்கிற சாமானை நீங்கள் இடிக்கிறியள், எல்லாரிட்டையும் இருக்கிற சாமானை விக்கப் பார்க்கிறியள். எந்த விசர் வியாபாரி இப்பிடிச் செய்வான்?” என்றபோது, பொருளாளர் பேனையை எடுத்து அதை எழுதிக்கொண்டார். விசர் என்ற சொல்லை மட்டும் தமிழில் சொன்னீர்கள். எல்லாருக்கும் விளங்கினது.

பிறகு வெளியில் கூட்டிக்கொண்டு போனீர்கள். மிஸ் லூயெல்லா தன் ஏப்பிரனைக் கழற்றி உங்களுக்குத் தந்தா. நீங்கள் காற்றைப் பார்த்து ஒரு பக்கம் திரும்பி, சுளகைப் போட்டீர்கள். நெல்லு எழும்பி ஒரு விரிப்பு மாதிரி நின்று அப்படியே திரும்பி இறங்கினது. உமி முழுக்க டிரெக்டரின் கறுப்புக் கோட்டில். ஒரு மணி நிலத்தில் இல்லை. அந்தச் சத்தம் இருக்கே, சறக், சறக் என்று, அதைக் கேட்டு மிஸ் லூயெல்லா முதல் தரம் தலையை ஆட்டாமல் நின்றா. தன் தாயின் சத்தம் என்றா.

அவ உங்களை மன்னித்தா என்று நான் எழுத மாட்டன். போன சனிக்கிழமை கேட்டன். “உன் அக்காவின் கை பொய் சொல்லாது. வாய்தான் கொஞ்சம் பெரிசு. என் வீட்டை நான் மறக்கப்போவதில்லை என்றும் எழுது” என்றா. எழுதிவிட்டன்.

இப்போது என் கதையைக் கேளுங்கோ. நேற்று வந்த ஆட்கள் நான் புடைப்பதைப் பார்த்துவிட்டு, “கனடாவிலிருந்து வந்த அந்த மற்றப் பெண் இல்லையா?” என்று கேட்டார்கள். டிரெக்டரும் கேட்கிறார். எத்தனையோ சனிக்கிழமை இந்தச் சுளகோடு நான் நின்றன். நீங்கள் ஒரு பின்னேரம் நின்றீர்கள். அம்மா பறித்து உங்கள் கையில் தந்த அன்றைக்கு எரிந்த அதே இடம் நேற்றும் எரிந்தது. நீங்கள் மறைக்காமல் எழுதுகிற ஆள், நானும் பழகுகிறன்.

மே மாதம் வருகிறன். பச்சைக் காஞ்சிபுரத்தை ஆருக்கும் வாடகைக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

பேர்ணி


அஜின்கோர்ட்
4 யூன் 1997

என்ர பேர்ணிக்கு,

நீ போய் இரண்டு கிழமையாச்சு. நீ விட்டிட்டுப் போன செருப்பு வாசலிலை கிடக்கு, எடுக்க விடாமல் வைச்சிருக்கிறன். அத்தானுக்கு முழங்கால் சுகம், நீ கொளுத்தின மெழுகுதிரி எண்டு சொல்லித் திரியிறார். கரோலினும் றொய்சனும் நேற்றுச் சாப்பிட வந்தவை, சித்தி எங்கை எண்டுதான் முதல் கேள்வி.

எங்கட பங்கு மண்டபத்திலை குதிரையும் இல்லை, தூணும் இல்லை. சோறு பத்தாமல் போகேல்லை, அது போதும். உன்ர பச்சைச் சேலையை மட்டும் மூண்டு பேர் விலை கேட்டவை. மணவறைச் சோடினையை ஒருத்தரும் கேக்கேல்லை. அது நான் செய்தது. சரி, விடு.

நான் உனக்கு ஒண்டு சொல்ல வேணும். எண்பத்தஞ்சாம் ஆண்டு நான் அம்மாவுக்கு அனுப்பின போட்டோ நினைவிருக்கே, சிவப்புக் காரிலை சாய்ஞ்சுகொண்டு? நீங்கள் எல்லாம் “அக்கா கார் வாங்கிட்டா” எண்டு ஊர் முழுக்கக் கொண்டுதிரிஞ்சியளாம். அது நான் கூட்டின ஒஃபிஸ் மனேஜரின்ர கார். கதவிலை கை வைச்சதுக்கு அவன் ஏசினவன். இந்தப் போட்டோத் தொழிலை எங்கட குடும்பத்திலை தொடக்கினது நான்தான், பேர்ணி. அதை வைச்சே நீ என்னை ஏமாத்தினாய். முதலாளியையே ஏமாத்தினால் அவள் கெட்டிக்காரி.

தை மாதம் உன்ர வாசலிலை கரோலின் எடுத்த போட்டோவைப் பெரிசாக்கிக் கடையிலை மாட்டியிருக்கிறன். நீயும் நானும், நடுவிலை மிஸ் லூயெல்லா சிரிக்காமல். பக்கத்திலை வெறும் மண் தெரியிற இடம், அவவின்ர வீடு நிண்ட இடம், அதையும் வெட்டாமல் போட்டிருக்கிறன். வாற சனம் கேக்கும், நான் சொல்லுவன். என்ர ஃபக்ஸாலை போனது எண்டும் சொல்லுவன்.

போன வெள்ளி அருள்நாயகம் விலை பார்க்க வந்தவன், சேலை வாங்கிற மாதிரி நடிச்சுக்கொண்டு. போட்டோவுக்கு முன்னாலை நிண்டு, “என்னக்கா, உது ஆரின்ர கொட்டில்?” எண்டான்.

“கொட்டில் இல்லை” எண்டன். “என்ர தங்கச்சியின்ர வீடு.”

அவன் சேலையை மடிச்சு வைச்சிட்டுப் போயிட்டான். ஒழுங்காய் மடிக்கவும் தெரியாது.

யூலை முதல் சனிக்கிழமை வாறன். இனி மாதத்திலை ஒரு சனி உங்கைதான், கடையை நிரூபா பார்ப்பாள். டிரெக்டரிட்டைச் சொல்லி நெல்லைக் காயப்போட்டு வை. மிஸ் லூயெல்லாவுக்கு இஞ்சையிருந்து என்ன கொண்டுவரலாம் எண்டு கேட்டு எழுது. அவ ஒண்டும் வேண்டாம் எண்டுதான் சொல்லுவா, எண்டாலும் கேள்.

நான் வரும்வரைக்கும் அந்தச் சுளகை மிஸ் லூயெல்லாவைத் தவிர ஒருத்தரும் தொடக்கூடாது. நீயும்தான்.

அக்கா